ஆயில் பம்ப் மாற்றியதாக பில், உள்ளே பழைய பம்ப்: தருமபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

பைக்கில் ஆயில் பம்ப் (இன்ஜினுக்குள் ஆயிலை எல்லா இடத்துக்கும் தள்ளி அனுப்பும் சாமான்) போய்விட்டது என்று சொல்லி இன்ஜினைத் திறக்கிறார்கள். புதுப் பம்புக்குக் காசு வாங்கிக்கொண்டு, பழைய பம்பையே பெட்ரோலில் கழுவி மாட்டி அனுப்புகிறார்கள். காசு போனதோடு நின்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இந்த வேலையில் பின்னாலேயே கேம், ராக்கர் (வால்வுகளைத் திறந்து மூடும் பாகங்கள்), பிஸ்டன் என்று வரிசையாகப் போகும்.

பாலக்கோடு பக்கத்து ஊரில் பால் கேன் கட்டி ஓடும் ஒரு 150 சிசி வண்டிக்கு நடந்தது இது. இன்ஜின் மேல்பக்கம் டிக் டிக்கென்று டேப்பட் (வால்வு) சத்தம். தருமபுரி டவுனில் ஒரு பட்டறையில் விட்டார்கள். "பம்ப் அவுட்ணா, புதுசு போட்டாத்தான் வண்டி நிக்கும்" என்று பதில். பில்லில் ஆயில் பம்ப் அசெம்பிளி, கேஸ்கட், ஆயில், கூலி என்று நான்கு வரி. பார்ட் நம்பர் இல்லை. கழற்றிய பழைய பம்பைக் கேட்டதற்கு, இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். சத்தம் ஒரு வாரம் அடங்கியது, புது ஆயில் ஊற்றியதால். பிறகு சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் பிடித்து நின்றது.

வலது பக்கக் கவரைக் கழற்றியபோதே பாதி கதை வெளியே வந்துவிட்டது. பேப்பர் கேஸ்கட்டே கிடையாது, அதற்குப் பதிலாக சாம்பல் நிற சிலிக்கான் பேஸ்ட் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. உள்பக்கம் பிதுங்கியது உரிந்து விழுந்து, சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் இடம்) இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வலையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. கிளட்ச் நட்டில் உளி வைத்துத் தட்டிய வெட்டு. பம்ப் ஸ்க்ரூக்களின் தலை நசுங்கியிருந்தது. புதிதாக மாட்டிய பம்பில் ஸ்க்ரூ தலை அப்படி இருக்க வழியே இல்லை. பம்பைப் பிரித்தால் ரோட்டர் (உள்ளே சுழலும் பல் சக்கரம்) முகத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள், உள் ரோட்டர் முனைக்கும் வெளி ரோட்டருக்கும் நடுவே 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பம்ப் அமரும் இடத்தில் இருக்க வேண்டிய ஓ-ரிங்கையே (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காணோம். கேமின் முனையில் குழி விழுந்திருந்தது, பிஸ்டன் பாவாடையில் (அதன் கீழ்ப்பகுதி) உரசல்.

ஓ-ரிங் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பம்ப் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ட்ரோக்காய்டு பம்ப். வெளி ரோட்டரைவிட உள் ரோட்டருக்கு ஒரு பல் குறைவு. சுற்றும்போது இடைவெளி விரிகிற பக்கம் ஆயிலை இழுக்கும், சுருங்குகிற பக்கம் தள்ளும். தள்ளிய ஆயில் ஃபில்டர் வழியாக கிராங்குக்கும் (பிஸ்டன் சுழற்றும் தண்டு), தனி வழியில் மேலே ஹெட்டுக்கும் (கேமும் ராக்கரும் இருக்கும் இன்ஜின் தலைப்பகுதி) போகிறது. பம்ப் வாயில் ஓ-ரிங் இல்லையென்றால் அழுத்தம் அங்கேயே கசிந்து சம்ப்புக்குத் திரும்பிவிடும். பாதை முடிகிற இடம் ஹெட் என்பதால் முதலில் காய்வது கேமும் ராக்கரும். சுமை ஏற்றி இரண்டாவது கியரில் ஏறும்போது சூடு கூடி ஆயில் நீர்த்துப்போகும். தேய்ந்த ரோட்டரில் அந்த நேரம் கசிவு இன்னும் அதிகம். வண்டி ஏற்றத்தில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆயில் பம்ப் லேசில் போகிற சாமான் அல்ல. எப்போதும் ஆயிலிலேயே கிடந்து சுற்றுகிறது. பெரும்பாலும் குறை ஆயில் அளவிலோ, அடைத்த ஸ்ட்ரெய்னரிலோ, கசடு நிறைந்த ஃபில்டரிலோ இருக்கும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் கிராங்க் முனையில் சுழன்று கசடை ஒதுக்கும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்டர் இருக்கிறது. அதன் மூடிக்குள் கசடு கல் மாதிரி இறுகிக் கிடந்தும், அதைத் திறந்தே பார்க்காமல் பம்ப் மேல் பழி போடுகிறார்கள். ஆகவே யாராவது "பம்ப் போச்சு" என்றால், எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.

சோதனை சுலபம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆயில் அளவு பாருங்கள். டேப்பட் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் ராக்கர் பக்கம் ஆயில் நனைந்து வழிய வேண்டும். வந்தால் பம்ப் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் உடனே அணைத்துவிடுங்கள், ரேஸ் கொடுத்துப் பார்க்கவே கூடாது. முதலில் ஸ்ட்ரெய்னர், அடுத்து ஃபில்டர், கடைசியாகத்தான் பம்ப்.

வீட்டிலேயே மாற்ற நினைப்பவர்களுக்கு: பல 100 முதல் 150 சிசி வண்டிகளில் பம்ப் வலது கவருக்குள், கிளட்ச்சை ஒட்டி இருக்கும். ஆயிலை வடித்து, கிக்கரும் கிளட்ச் கேபிளும் கழற்றி, கவர் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எது இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் கிராங்க்கேஸ் அலுமினியம் வெடித்துவிடும். கவர் வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவர் செருகி நெம்பாதீர்கள், ரப்பர் சுத்தியலால் சுற்றித் தட்டுங்கள். கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் இரண்டு டவல் பின் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சைக் கழற்ற வேண்டிய வண்டி என்றால் அதற்குரிய ஹோல்டரும் நட் சாக்கெட்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். உளி வேலைக்கு இங்கே இடமே இல்லை. பம்ப் ஸ்க்ரூ இறுகியிருந்தால் இம்பாக்ட் டிரைவர் (சுத்தியலால் தட்டினால் திருகும் கருவி) எடுங்கள்.

பழைய பம்பை அளந்து பாருங்கள். இரண்டு ரோட்டருக்கும் நடுவே முனை இடைவெளி 0.20 மி.மீ. தாண்டினால் பல சின்ன இன்ஜின்களில் தேய்ந்ததாகக் கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. ரோட்டர் முகமும் பாடியும் வழவழப்பாக இருந்து, அளவும் சரியாக இருந்தால் புதுப் பம்ப் வேண்டியதில்லை. புது ஓ-ரிங் போட்டு அதையே மாட்டலாம்.

மாட்டும்போது பலர் விடுவது ஒன்று. காய்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது, காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். ரோட்டருக்குள் சுத்தமான இன்ஜின் ஆயிலை நிரப்பி, கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். பழைய கேஸ்கட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பரப்பில் கீறல் விழாமல் எடுங்கள். புதுப் பேப்பர் கேஸ்கட் மட்டும் போடுங்கள், பேஸ்ட் வேண்டாம். ஆயில் டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2: ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக் குறி) என்று போட்டிருக்க வேண்டும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். கவரைத் திறந்து வேலை செய்தால் சாதாரண ஆயில் மாற்றத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால், கையேட்டு அளவை ஊற்றிவிட்டு டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, கேப்போடு ஹெட் மேல் உலோகம் படும்படி வைத்து, கிக்கரை 20, 30 தடவை மெதுவாக உதையுங்கள். பெட்ரோல் ஆவி வெளியே வரும் என்பதால் பிளக்கை ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். ராக்கரில் ஆயில் தெரிந்த பிறகுதான் ஸ்டார்ட். சுமார் 50 கிலோமீட்டரில் அளவை மறுபடி பார்ப்பது நல்லது.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதில் ஊட்ட ஒன்று, திருப்பி இழுக்க ஒன்று என இரண்டு பம்ப். அவற்றைச் சுழற்றும் வோர்ம் நட்டுக்கு (திருகுப் பல் உள்ள நட்டு) இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் முறிந்துவிடும்.

வண்டியைப் பட்டறையில்தான் விடுவீர்கள் என்றால், விடும்போதே சொல்லிவிடுங்கள்: "பழைய சாமான் அத்தனையும் எனக்கு வேணும்ணா." பழைய பம்பின் பாடியில் ஒரு சின்னக் கீறல் அடையாளம் போடச் சொல்லி போட்டோ எடுங்கள். புதுப் பம்பின் டப்பாவை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். அதில் பார்ட் நம்பர், அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் இருக்கும். முடிந்தால் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலி மட்டும் பேசுங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பேரையும் சேர்த்துத்தான் இந்தப் பித்தலாட்டம் கெடுக்கிறது.

ஏமாந்துவிட்டால், அதே பட்டறையில் மறுபடி திறக்க விடாதீர்கள், அடையாளம் போய்விடும். வேறொருவர் திறக்கும்போது தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். பில், வீடியோ, கழற்றிய சாமான் மூன்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. பில் இல்லாமல் வாங்கிய வேலைக்கு நிரூபணம் கடினம். வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போதே பார்ட் நம்பர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.