கடைத் திரையில் ஓடிய மீன்

சின்னப் படகுக்கு எக்கோ (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) வாங்க யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எனக்கு 32,000 ரூபாய் போன கதை இது.

எங்களுடையது தூத்துக்குடிப் பக்கம். ஃபைபர் வள்ளம், அவுட்போர்டு எஞ்சின், தூண்டில் தொழில். களவாவும் விளமீனும் பார் ஓரத்தில்தான், அதாவது கடலடிப் பாறைத் திட்டின் ஓரத்தில்தான் நிற்கும். இத்தனை நாளும் ஜிபிஎஸ் பாயிண்டுக்குப் போய் ஈயக்குண்டை இறக்கித்தான் பாரைத் தேடினோம். எக்கோ இருந்தால் எரிபொருள் செலவு குறையுமே என்று மச்சானும் நானும் கிளம்பிப் போனோம்.

கடையில் செட்டைப் போட்டுக் காட்டினார்கள். திரையில் தரை ஏறி இறங்குகிறது, குட்டிக் குட்டி மீன் படங்கள் வரிசையாக ஓடுகின்றன. மச்சான் வாயைப் பிளந்துவிட்டார். செட் இருந்ததோ மேசை மேல். தண்ணீரே இல்லாத இடத்தில் மீன் எங்கிருந்து வரும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அது டெமோ மோடு என்று பிறகுதான் தெரிந்தது. பின்னால் இருக்கும் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் உறுப்பு) வயரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்போதும் மீன் ஓடினால் நீங்கள் பார்ப்பது வெறும் படம்.

“1600 வாட் அண்ணே, ஆயிரம் அடி எடுக்கும்” என்றார் கடைக்காரர். கையேட்டில் பொடி எழுத்தில் வேறு கணக்கு: ஆர்எம்எஸ், அதாவது சராசரியாகக் கிடைக்கும் பவர், 200 வாட். பீக் டூ பீக் என்று, அலையின் உச்சியிலிருந்து அடிவரை அளந்து போட்டால் அதே பவர் எட்டு மடங்காகத் தெரியும். கேட்க வேண்டியது ஆர்எம்எஸ் எவ்வளவு என்றுதான்.

பொருத்த வந்த பையன், ஓட்டை போட வேண்டாம் என்று டிரான்ஸ்டியூசரை உள்தளத்தில் பசை வைத்து ஒட்டிவிட்டான். எங்கள் வள்ளத்தில் அந்தத் தளத்துக்கு அடியில் மிதப்புக்காக ஃபோம் அடைத்திருக்கிறது. ஃபோமில் இருப்பதெல்லாம் காற்று. அதைத் தாண்டி ஒலி போகாது. கடலில் ஆழம் 3 மீட்டர் என்று நின்றது. கூட வந்த சித்தப்பா ஈயக்குண்டை இறக்கினார். 14 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி)! “உன் மிஷினுக்குக் கண்ணு தெரியலடா” என்றார்.

மறுநாள் நானே அதைப் பிடுங்கி, பின்பலகையில் எஞ்சின் நுரை படாத ஓரமாக மாட்டினேன். ஆழம் சரியாக வந்தது. அப்புறம் 35 பாகம் தாண்டியதும் எண் மினுக்க ஆரம்பித்து அணைந்தே போனது. எங்களுக்குத் தேவையான தண்ணீரே அதுதான். மீன் படம் மட்டும் தாராளமாக வந்தது. தூண்டில் போட்டால் ஒன்றுமில்லை. பாசி, நுரை எது பட்டாலும் அந்தப் பெட்டி மீன் படம் போடும். மீன் படத்தை அணைத்துவிட்டு வெறும் எதிரொலிக் கோட்டைப் பார்ப்பதுதான் நல்லது.

கரைக்கு வந்து வயரைத் துடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டப்பாவில் 50/200 கிலோஹெர்ட்ஸ், அதாவது இரண்டு ஒலி அலைவரிசையும் உண்டு என்று இருந்தது. வயரில் சுற்றியிருந்த சீட்டில் 200 மட்டும், மாடல் எண்ணும் வேறு. 200 படத்தைத் தெளிவாகக் காட்டும், ஆனால் ஆழத்துக்கு 50 போகிற அளவு போகாது. ஏதோ ஒரு செட்டின் டிரான்ஸ்டியூசரை இதில் போட்டுத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். டப்பா சீல் உடைந்திருந்ததை அன்றைக்கே பார்த்தேன், “செக் பண்ணப் பிரிச்சது” என்றதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தி!

திரும்பப் போனால், “உப்புத்தண்ணி பட்ட சாமான எடுக்க மாட்டோம்” என்றார்கள். கடலில் போடத்தானே வாங்கினேன்? பில் கேட்டால் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, செட்டின் சீரியல் எண்ணும் இல்லை. பில் போட்டால் வரி சேரும் என்று சொன்னபோது நானும் மிச்சம் என்று நினைத்துத்தான் வாங்கி வந்தேன். இதை வைத்து எங்கே புகார் கொடுப்பது?

அடுத்த முறை பாதிப் பணம்தான் முதலில். வள்ளத்தில் மாட்டி, ஆழம் தெரிந்த ஒரு பாருக்குக் கூட்டிப்போய், ஈயக்குண்டும் திரையும் ஒன்று சொன்ன பிறகு மீதி.

குளத்தில் தூண்டில் போடுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இந்தச் செட்டைக் குறைத்துக் கொடுக்கிறேன். வயரில் இருக்கும் சீட்டைக் காட்டித்தான் கொடுப்பேன்.