உள்விசாரணையா, காவல்துறையா?

மத நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் தனக்குச் செய்த பாலியல் கொடுமையைக் குழந்தை வாய் திறந்து சொல்லிவிட்டது. அந்த நிறுவனத்தின் முன் இரண்டு வழிகள்: உள்ளேயே விசாரிப்பது, அல்லது காவல்துறைக்குச் சொல்வது. என் பார்வையில் இவை சமமான வழிகளே அல்ல.

உள்ளேயே விசாரித்தால் கோப்பு பூட்டப்படும், குற்றம் சாட்டப்பட்டவர் வேறு ஊருக்கு மாற்றப்படுவார். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்களே! அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2018-இல் வெளியான பெருநடுவர் குழு (குற்றச்சாட்டுகளை ஆராயும் குடிமக்கள் குழு) அறிக்கை இதைத்தான் காட்டியது: குற்றம் சாட்டப்பட்டவர்கள் 300-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பாதிரியார்கள், பாதிக்கப்பட்டவர்கள் 1,000-க்கும் அதிகமான குழந்தைகள். புகார்கள் மறைமாவட்டங்களின் (ஆயர்களின் நிர்வாகப் பகுதிகளின்) ரகசியக் காப்பகங்களில் கிடந்தன. பெரும்பாலான வழக்குகள் சட்டப்படி வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்து செத்துப்போயின.

காவல்துறைக்குச் சொன்னால் நிறுவனத்தின் பெயர் கெடலாம். கெடட்டும். பொய்ப்புகாராக இருந்தால்? அதைப் பிரித்தறிவது புலனாய்வாளரின் வேலை, மதகுருவின் வேலை அல்ல. தடயம் அழியுமுன் சேகரிக்கலாம். கைது செய்யவும் காவல்துறையால்தான் முடியும். உள்விசாரணை அதற்குப் பிறகு நடக்கட்டும்.