‘நாய்க்கு அனுமதி உண்டு’: புறநகர்க் கஃபேக்களில் அந்தப் பலகையை எவ்வளவு நம்பலாம்?

வளர்ந்துகொண்டிருக்கும் புறநகரில் புதுக் கஃபே ஒன்று திறந்தால், ‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்ற பலகையும் கூடவே வந்துவிடுகிறது. பலகை மாட்ட ஓர் ஆணி போதும். 25 கிலோ எடையுள்ள நாய் ஒன்று அங்கே முக்கால் மணி நேரம் நிம்மதியாகப் படுத்திருக்க வேண்டுமானால் நிழல், தளம், மூலை, நடைவழி என நாலைந்து விஷயம் ஒத்துவர வேண்டும். இந்த மதிப்புரை தனிப்பட்ட கடை எதையும் பற்றியதல்ல. புறநகர்களில் திரும்பத் திரும்பத் தென்படும் கஃபே வகைகளைப் பற்றியது.

அளவுகோல் ஒன்றுதான். நாய் முதுகைச் சுவரோரம் கொடுத்துப் படுக்க ஒரு மூலை இருக்கிறதா? நடுக்கூடத்து மேசையருகே படுக்கும் நாய் நாலு பக்கமும் காவல் பார்க்க வேண்டியிருக்கிறது. கடந்துபோகும் ஒவ்வொரு காலுக்கும் தலை தூக்கும். கால் மணி நேரத்தில் களைத்துப்போய்க் குரைக்கத் தொடங்கும். முதுகுக்குச் சுவர், ஒரு பக்கம் உங்கள் நாற்காலி என்று அமைந்துவிட்டால் அது கவனிக்க வேண்டிய திசை பாதியாகக் குறைகிறது. லாப்ரடார் அளவு நாய் பக்கவாட்டில் சாய்ந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டருக்கு மேல் அகலமும் பிடிக்கும். அந்த இடம் போக, பணியாளர் தட்டோடு நடக்க வழி மிஞ்ச வேண்டும். நடுவில் ஒற்றைத் தூணும் அடியில் சிலுவைக் காலும் உள்ள மேசை நாயின் இடத்தைத் தின்றுவிடும். நாலு மூலையிலும் கால் உள்ள மேசைதான் தோது.

கடையைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி ஏமாற்றம் காத்திருக்கிறது. கூகுள் மேப்ஸில் நாய்க்கு அனுமதி உண்டா, உள்ளேயா வெளியேயா என்ற குறிப்புகள் இருக்கும். கடை திறந்தபோது உற்சாகத்தில் நிரப்பிய குறிப்பு, கை மாறி இரண்டாம் உரிமையாளர் வந்த பிறகும் அப்படியே கிடக்கும். புறநகரில் கடைகள் கை மாறும் வேகம் அதிகம் என்பதால் குறிப்பை விடப் படங்களை நம்புவது மேல். வாடிக்கையாளர் போட்ட படங்களைப் புதியவை முதலில் வரும்படி அடுக்கிப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதப் படங்களில் தரையில் படுத்திருக்கும் நாய் தென்பட்டால் நம்பலாம். மடியில் தூக்கிவைத்த குட்டி நாயின் படம் எதற்கும் சாட்சியாகாது. மதிப்புரைகளுக்குள் ‘நாய்’ என்ற சொல்லைத் தேடினால் புகார்களும் சேர்ந்தே வரும். அவைதான் உபயோகமானவை.

பிறகு ஒரு போன். “நாயை அழைத்து வரலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் “வாங்க” என்பார்கள். “25 கிலோ நாய். எந்த மேசையில் உட்கார வைப்பீர்கள்? மழை வந்தால் எங்கே மாற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். மேசையைச் சொல்லிப் பதில் சொல்பவர் இதை ஏற்கெனவே யோசித்தவர். “வந்து பார்த்துக்கலாம்” என்றால் அங்கே நாய்க்கென்று இடம் கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். போகும் அன்று காலையிலேயே கேட்பது நல்லது. பணிமுறை மாறினால் பதிலும் மாறும் கடைகள் உண்டு.

உள்ளே விடாததற்காகக் கடைக்காரரைக் கோபிப்பதில் பொருளில்லை. பல நாடுகளின் உணவுப் பாதுகாப்பு விதிகள் வழிகாட்டி நாய் போன்ற உதவி நாய்களுக்கு மட்டும் விலக்குத் தந்து, செல்ல நாய்களை வெளி இருக்கைகளோடு நிறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் 2012 முதல் வெளி இருக்கைகளில் செல்ல நாய்களை அனுமதிக்கலாமா என்பதைக் கடைக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. வெளியிடும் மாதிரி விதித்தொகுப்பு 2022ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் உள்ளூர் அதிகாரிகளின் ஒப்புதலோடு அதற்கு வழிவிட்டது. ஆகவே நாயோடு போகிறவருக்கு வெளி இருக்கைதான் கடையே. மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

இனி வகைகள். பிரதான சாலையோரக் கடைவரிசையில் முன்வாசலில் மூன்று நாலு மேசை போட்டிருக்கும் கஃபே எங்கும் உண்டு. நகரின் பழைய பகுதியில் இதே அமைப்பு நன்றாக இருக்கும், புறநகரில் சுமார்தான். சாலை அகலம், லாரி அதிகம், கட்டுமானச் சத்தம் ஓயாது. நட்ட மரங்கள் இடுப்புயரத்தில் நிற்கும். குடை இருக்கிறதே என்றால், குடையின் நிழல் உச்சி வெயிலில் மட்டுமே மேசைக்கடியில் விழும். மாலை 4 மணிக்குச் சூரியன் சாயும்போது நிழல் இரண்டு மீட்டர் தள்ளிப் போய்விடும். உட்கார்ந்திருப்பவர் தலை நிழலில் இருக்க, தரையில் கிடக்கும் நாய் வெயிலில் காயும். வாசல் மேற்குப் பார்த்ததா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். மேற்கு வாசல் என்றால் காலையில் மட்டும் போகலாம்.

வணிக வளாகத்து முற்றத்தில் இருக்கும் கஃபேயில் சிக்கல் வேறு. கஃபேகாரர் சரி என்பார், வளாகத்தின் செக்யூரிட்டி வாசலிலேயே மறிப்பார். முற்றம் கடைக்குச் சொந்தமல்ல, வளாக நிர்வாகத்துக்குச் சொந்தம். இருவர் சம்மதமும் வேண்டும். எந்த வாயில் வழியாக வர வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிட்டால் இந்தத் தகராறு பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அடுத்தது தளம். பளபளக்கும் டைல்ஸில் நாயின் கால் வழுக்கும். இடுப்பு மூட்டுத் தொல்லை உள்ள நாயும் வயதான நாயும் எழுந்திருக்கவே தடுமாறும். அடியில் ரப்பர் வைத்த 60க்கு 90 சென்டிமீட்டர் விரிப்பு ஒன்று கொண்டுபோனால் பாதிக் கவலை தீர்ந்தது. பச்சையாக விரித்திருக்கும் செயற்கைப் புல்லைப் பார்த்து மகிழ வேண்டாம். வெயிலில் அது தாரை விடவும் சூடேறும். அடியில் வடிகால் இல்லாவிட்டால் மூத்திர வாடை தங்கிவிடும், அந்த வாடையைப் பிடித்தே அடுத்த நாயும் அங்கே கால் தூக்கும்.

செடிப் பண்ணையோடு சேர்ந்த கஃபேதான் புறநகரின் கொடை. இடம் தாராளம், நிழல்வலை உண்டு, மண் தரை. ஆனால் அங்கே நாயின் வாய்க்குக் காவல் வேண்டும். நத்தையைக் கொல்ல வைக்கும் குருணை மருந்தில் மெட்டால்டிஹைடு இருக்கலாம். நாய்க்கு அது வலிப்பு வரவழைக்கும் நஞ்சு. அழகுக்கு வைக்கும், குட்டைப் பனை போலிருக்கும் சைக்கஸ் செடியின் எல்லாப் பாகமும் ஈரலைத் தாக்கும், விதை மிகவும் கொடியது. அரளி இதயத்தைத் தாக்கும். எலும்புத்தூள் உரத்தின் வாசனைக்கு நாய் பையையே கிழிக்கும். தொட்டி வரிசைக்கு நடுவே உள்ள மேசையை விட்டு, சுவரோர மேசையைக் கேளுங்கள். வீடு திரும்பியதும் காது மடல், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, கால்விரல் இடுக்கு மூன்றிலும் உண்ணி பாருங்கள்.

நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடும் ‘நாய் கஃபே’க்கள் படமெடுக்க அழகாக இருக்கும். மதிப்பெண் கொடுப்பதில் கறாராக இருக்க வேண்டியது இவற்றுக்குத்தான். வாசலில் தடுப்பூசி அட்டை கேட்கவில்லையென்றால் திரும்பிவிடலாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு இருக்க வேண்டும், முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவது திறக்க வேண்டும். சிறிய நாய்க்கும் பெரிய நாய்க்கும் தனி அடைப்பு வேண்டும். விளையாட்டாகத் துரத்தும்போதுகூட 30 கிலோ நாயின் மோதலை 3 கிலோ நாயின் முதுகெலும்பு தாங்காது. தரையை எதைக் கொண்டு துடைக்கிறார்கள் என்று கேளுங்கள். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவழைக்கும் பார்வோ வைரஸ் சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அடங்குவதில்லை. ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் என்று கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைப்பது பலன் தரும். மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை, அதாவது பொதுவாக 16 வாரத்துக்குக் குறைந்ததை, இங்கே கொண்டுபோகவே கூடாது. கடையே வளர்க்கும் நாய்கள் இருந்தால், வாடிக்கையாளர் எட்டாத ஓய்வறை அவற்றுக்கு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அவை நாள் முழுக்க வேலை பார்க்கின்றன.

எங்கள் முதலிடம் இவை எதற்கும் இல்லை. பூங்காவையோ ஏரிக்கரை நடைபாதையையோ ஒட்டி, பார்சல் ஜன்னலும் இரண்டு மூன்று பெஞ்சும் மட்டும் வைத்திருக்கும் சின்னக் கடைக்குத்தான். உள்ளே போகும் பிரச்சினையே இல்லை. முன்னும் பின்னும் நடக்க இடம் உண்டு. நாய்க்குப் பிடிக்காவிட்டால் அரை நிமிடத்தில் கிளம்பிவிடலாம். குறை என்றால் மழைக்கு ஒதுங்க இடமில்லை, கழிப்பறையும் இருக்காது.

வெயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். வியர்வையால் அது பெரிதாகக் குளிர்வதில்லை, மூச்சிரைத்துத்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடும். பக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழியே குறுகல், அதனால் மற்ற நாய்கள் தாங்கும் வெயிலே அவற்றுக்கு ஆபத்து. புறங்கையைத் தரையில் 7 விநாடி வையுங்கள். கைக்குத் தாங்காத தரை பாதத்துக்கும் தாங்காது. நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் கொழகொழத்து, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நிழலுக்கு இழுத்து, உடம்பெங்கும் குளிர்ந்த நீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். குளிர்விப்பதுதான் முதலில், வண்டி பிறகு. புறநகரில் அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையே அரை மணி தூரத்தில் இருக்கலாம். கடையைத் தேடும்போதே அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நாய்க்கென்று தனி மெனு வைத்திருக்கும் கடைகளுக்கு அதற்காக மதிப்பெண் கூட்ட வேண்டியதில்லை. கிண்ணத்தில் தரும் கிரீம் நுரையில் கொழுப்பு அதிகம், பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு வயிற்றுப்போக்கு வரும், கணைய அழற்சி வந்த நாய்க்குக் கூடவே கூடாது. கேக் என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உண்டா, உலர்திராட்சை, வெங்காயத்தூள், பூண்டுத்தூள் சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். சைலிட்டால் ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சரியலாம். பணியாளருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வாங்க வேண்டாம். தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது. மெனுவை விடத் தரைதான் பெரிய ஆபத்து. பக்கத்து மேசையிலிருந்து விழும் சாக்லேட் கேக், மென்று துப்பிய சூயிங்கம், குப்பைக்கூடையில் காபிச் சக்கை. 10 கிலோ நாய்க்குச் சுமார் 40 கிராம் கறுப்புச் சாக்லேட்டே அறிகுறி காட்டப் போதும். உட்காரும் முன் மேசைக்கடியில் ஒரு பார்வை பாருங்கள். குப்பைக்கூடைக்கு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாசலில் வைத்திருக்கும் பொதுத் தண்ணீர்க் கிண்ணம் அன்பின் அடையாளம்தான், ஆனால் இருமல் நோயும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் பரவ அது வசதியான வழி. சொந்தக் கிண்ணம் கொண்டுபோங்கள். நாயைக் கடையின் தட்டில் தின்ன விடாதீர்கள்.

முதல் தடவை போகும்போது கூட்டமில்லாத வாரநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். போகும் முன் 20, 30 நிமிடம் நடக்கவிட்டு, மூத்திரம் பெய்ய விடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே பணத்தையும் கட்டிவிடுங்கள். நாய் பொறுமையிழந்தால் பில்லுக்குக் காத்திருக்க நேராது. 1.2 முதல் 1.8 மீட்டர் வரை நீளமுள்ள சாதாரணக் கயிறு போதும். இழுக்க இழுக்க நீளும் வகை மேசைக்கால்களில் சுற்றிக்கொள்ளும், பணியாளர் தடுக்கி விழுவதும் அதில்தான். கயிற்றை மேசையில் கட்டவே கூடாது. அலுமினிய மேசை இலேசு. நாய் திடுக்கிட்டுப் பாய்ந்தால் மேசை பின்னாலேயே வரும், அந்தச் சத்தத்துக்கு அது இன்னும் ஓடும். கயிற்றை உங்கள் காலடியில் மிதித்துப் பிடியுங்கள், அல்லது சுவரில் தாழ்வாகப் பதித்த வளையம் இருந்தால் ஹார்னஸில், அதாவது மார்புப்பட்டையில், மாட்டிக் கட்டுங்கள்.

விரிப்பில் படுக்கும் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்க வேண்டும். படுத்தவுடன் பட்டாணி அளவுத் தின்பண்டம் ஒன்று. பிறகு 5 விநாடிக்கு ஒன்று, 10, 30 என்று இடைவெளியை நீட்டலாம். கடைக்குப் போனதும் இடைவெளியை மறுபடி 5 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். புது இடத்தில் பழைய பாடம் பாதிதான் நினைவிருக்கும். உதட்டை நக்குவது, தூக்கமின்றிக் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, தின்பண்டத்தை மறுப்பது எல்லாம் ‘போகலாம்’ என்பதன் வடிவங்கள். குரைத்த பிறகு கிளம்பினால், குரைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நாய் கற்றுக்கொள்ளும். முதல் முறை 15 நிமிடத்தில், அது இன்னும் அமைதியாக இருக்கும்போதே எழுந்துவிடுங்கள்.

கடைகள் அனுமதியைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் மூன்று காரணத்துக்காக: நாற்காலியில் ஏறிய நாய், பூந்தொட்டியில் கால் தூக்கிய நாய், “எங்க நாய் ஒண்ணும் பண்ணாது” என்று கயிற்றை அவிழ்த்தவர். கூடவே கொண்டுபோக வேண்டியவை: என்சைம் கலந்த சுத்தப்படுத்தும் திரவம் ஒரு சிறு புட்டியில், பழைய துண்டு ஒன்று, மலம் அள்ளும் பை இரண்டு. இரண்டாவது பை, முதல் பை கிழிந்தால்.