ஜன்னலுக்குக் காவல்: கிரில்லா, திறப்புத் தடுப்பானா, வலையா?

குழந்தை ஜன்னல் வழியே விழாமல் தடுக்க எதைப் போடலாம்? கொசுவலையை முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். அதன் சட்டம் பள்ளத்தில் லேசாகச் செருகி நிற்பது. இரண்டு வயதுக் குழந்தை சாய்ந்தாலே சட்டத்தோடு பெயர்ந்துவிடும். சிறு குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம் என்பதால், எட்டிப் பார்க்கும்போதே தலைகுப்புறச் சரியும். வலை இருக்கிறதே என்று ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவதுதான் பெரிய ஆபத்து.

மிச்சமுள்ள கிரில், திறப்புத் தடுப்பான், பால்கனி வலை மூன்றில் உறுதியானது கிரில்தான். நியூயார்க் நகரம் 1976இல் சிறுவர்கள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கு ஜன்னல் கிரில்லைக் கட்டாயமாக்கியது; அதன்பின் அங்கே ஜன்னலிலிருந்து விழும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கு மேல் இடம் இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொண்டால் அதுவும் உயிருக்கு ஆபத்து. கம்பிகள் செங்குத்தாகவே இருக்கட்டும், குறுக்குக் கம்பி ஏணியாகிவிடும். ஸ்க்ரூ பூச்சைத் தாண்டிச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்க வேண்டும். கிரில்லின் குறை தீ விபத்தில் தெரியும்: வெளியேற வழியிருக்காது. ஆகவே அறைக்கு ஒரு கிரில்லாவது, சாவியில்லாமல் பெரியவர் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்குத் திறப்புத் தடுப்பான் வசதி. ஜன்னலை 10 செ.மீ.க்கு மேல் திறக்க விடாது. ஆனால் துடைக்கவோ காற்றுக்காகவோ கழற்றுபவர் திரும்ப மாட்ட மறந்தால் தடுப்பு இல்லை. பசையில் ஒட்டும் வகையை வாங்காதீர்கள், வெயிலில் பசை இளகிவிடும்.

பால்கனிக்கு வலை அல்லது மெல்லிய எஃகுக் கம்பி. நைலான் வலை வெயிலில் நைந்துபோகும். நிறம் வெளுத்தாலோ முடிச்சு இழுபட்டாலோ உடனே மாற்றுங்கள். எஃகுக் கம்பி நீடித்து உழைக்கும், ஆனால் தொய்யும். நடுப்பகுதியில்தான் தொய்வு அதிகம் என்பதால் அங்கே அடுத்தடுத்த இரு கம்பிகளைக் கையால் விலக்கிப் பாருங்கள். இடைவெளி 10 செ.மீ.யைத் தாண்டினால் மறுபடி முறுக்கேற்ற வேண்டும். எதைப் போட்டாலும் கைப்பிடிச் சுவரோடு நிறுத்தாமல் மேல்தளம் வரை கொண்டுபோங்கள்.

படுக்கையறை ஜன்னலுக்கு எங்கள் தேர்வு திறக்கும் கிரில். அதைப் பொருத்தும் வரை தடுப்பான் போதும், ஆனால் கட்டிலையும் நாற்காலியையும் இன்றைக்கே ஜன்னலடியிலிருந்து நகர்த்திவிடுங்கள்.