அண்ணாச்சி எடுக்காத பொருள்கள்: நங்கநல்லூர்ப் பழைய பேப்பர் கடை ஒன்றின் மதிப்பீடு

சென்னை நங்கநல்லூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருக்கமாக உள்ள ஒரு தெருவின் முனையில் இருக்கும் இந்தப் பழைய பேப்பர் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தட்டையாக்கி அடுக்கிய அட்டைப்பெட்டிகளும் கோணி மூட்டைகளும் மின்னணுத் தராசும்தான் அடையாளம். பக்கத்து மளிகைக் கடையில் விசாரித்தால் "அண்ணாச்சி கடையா?" என்று கை காட்டுவார்கள். பரணையும் பால்கனியையும் காலி செய்வதற்காகப் பல தவணைகளில் இங்கே சாமான்களை எடைக்குப் போட்டவள் என்ற முறையில், இந்தக் கடை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை எழுதுகிறேன்.

எடையில் குறை சொல்ல இடமில்லை. தராசின் எண்கள் வாடிக்கையாளரை நோக்கியே இருக்கின்றன. மூட்டையை ஏற்றுவதற்கு முன் பூஜ்யம் காட்டுவதை நாமே பார்த்துக்கொள்ளலாம். தள்ளுவண்டியில் வருபவர்கள் கொக்கித் தராசில் தூக்கிப் பிடித்து ஒரு நொடியில் இறக்கிவிடும் வித்தை இங்கே நடப்பதில்லை. ஆங்கிலச் செய்தித்தாளுக்குத் தமிழ்ச் செய்தித்தாளைவிட ஓரிரு ரூபாய் கூடுதல் என்ற பழைய வழக்கம் இங்கும் உண்டு. பள்ளிப் புத்தகம், நோட்டு, கைடு எல்லாம் அதற்கும் கீழே. அட்டைப்பெட்டி இன்னும் கீழே. விலை அன்றாடம் மாறும் என்றாலும், கேட்டால் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

பாத்திரங்களைச் சோதிக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. கயிற்றில் கட்டிய சிறிய காந்தம் ஒன்று தராசின் அருகே தொங்குகிறது. எவர்சில்வர் என்று நாம் நீட்டும் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அண்ணாச்சி அதை ஒட்டிப் பார்க்கிறார். எங்கள் மாமியார் காலத்துக் கனத்த தூக்குச்சட்டியில் காந்தம் ஒட்டவில்லை. அண்மைக் காலத் திருமணங்களிலும் கிரகப்பிரவேசங்களிலும் வந்து சேர்ந்த மெல்லிய டப்பாக்களும் தட்டுகளும் பெரும்பாலும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டன. "காந்தம் பிடிச்சா விலை கம்மிதாம்மா" என்று சொல்லிவிட்டு அவற்றைத் தனியே ஒதுக்கினார். நிக்கல் சேர்ந்த உயர்தர எஃகில் காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத மலிவு வகையில் ஒட்டும் என்பதே இதன் காரணம். பித்தளைக்கும் செம்புக்கும் காந்தம் தேவையில்லை, உரசிப் பார்த்தாலே போதும். விலையும் பல மடங்கு அதிகம்.

ஆயினும் இந்தக் கடையிடம் நான் அறிந்துகொண்டதில் முக்கியமானது, அது எதை வாங்குகிறது என்பதன்று. எதை வாங்க மறுக்கிறது என்பதே. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலான புத்தக அலமாரி, தெர்மாகோல், பஞ்சு மெத்தை, மெலமைன் தட்டுகள், பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய திருமண அழைப்பிதழ்கள், மாத்திரை அட்டைகள், உடைந்த பயணப்பெட்டி ஆகிய எதையும் அண்ணாச்சி தொடுவதில்லை. காசு தர வேண்டாம், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அழைப்பிதழில் தாளும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக் கிடக்கின்றன. மாத்திரை அட்டையில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி இருக்கின்றன. பிரித்தெடுக்க ஆகும் கூலி, பொருளின் விலையை விழுங்கிவிடும்.

வீட்டில் சாமான் ஏன் மலைபோல் சேருகிறது என்ற கேள்விக்குச் சோம்பேறித்தனம், பாசம், கஞ்சத்தனம் என்று பலரும் பல காரணம் சொல்வார்கள். அவையெல்லாம் முன்பும் இருந்தவையே. முன்பு வீட்டுக்குள் வந்த பொருளுக்கு வெளியேறும் வழியும் கூடவே இருந்தது. ஓட்டை விழுந்த பித்தளைக் குடத்தைப் பாத்திரக் கடையில் போட்டுப் புதியதில் விலையைக் கழித்துக்கொண்டார்கள். பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தெருவில் கூவிக்கொண்டு வந்தார்கள். சரிகை போன பட்டுப் புடவையைக்கூட வாங்க ஆள் இருந்தது. இன்றைக்குப் பொட்டலமாக வாசலுக்கு வந்து சேர்வதில் பாதிக்கு அப்படி வாங்குவார் இல்லை. அதனால் அது பரணுக்குப் போகிறது.

வரும் வழிகளோ பெருகிவிட்டன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. நல்ல காரியந்தான். ஆனால் திருமணம் ஒன்றுக்கு ஒன்று வீதம் வரும் தாம்பூலப் பைகள், கடைக்குப் போகும்போது கையில் எடுத்துச் செல்லப்படாமல் சமையலறைக் கதவின் பின்னே கொத்தாகத் தொங்குகின்றன. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் 2011-இல் தொடங்கிய மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும், இல்லாதவர் வீட்டில் பெரும் உதவியாக இருந்தன; ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தவர் வீட்டில் இரண்டாவதாய் வந்து பெட்டியோடு பரண் ஏறின. 'என்றைக்காவது ஆகும்' என்ற நினைப்பு இத்தகைய பொருள்களுக்கு ஆயுளை நீட்டிக்கொண்டே போகிறது.

வைத்திருப்பதால் வரும் கேட்டைச் சென்னைவாசிகளுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் கிடக்கும் விரிசல் வாளி, பழைய டயர், பூந்தொட்டி ஆகியவற்றில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியபடி மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியை மூலையில் கவிழ்ப்பது மட்டும் போதாது; தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது வாளியையே ஒழிக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியை அண்ணாச்சி எடுத்துக்கொள்கிறார். கைப்பிடிக் கம்பியை மட்டும் உருவி இரும்புக் குவியலில் எறிகிறார்.

குறைகள் இரண்டு உண்டு. முதலாவது, மின்சாதனங்கள். மிக்ஸி மோட்டாரையும் ஒயரையும் உள்ளே இருக்கும் செம்புக்காக வாங்கிக்கொள்கிறார்கள். அவை பிறகு எங்கே போகின்றன என்று கேட்டால் மழுப்பலான பதிலே வருகிறது. ஒயரை எரித்துச் செம்பெடுக்கும் இடங்களில் எழும் புகை கொடிய நஞ்சு. பழைய படக்குழாய் (பிக்சர் டியூப்) தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ஆகவே இவற்றை இங்கே போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே முறை. வரும் சில்லறையை விட்டுவிடலாம். இரண்டாவது, காகிதங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையோ ஆதார் நகலோ கட்டுக்குள் இருந்தால் யாரும் பார்த்து எடுத்து வைக்க மாட்டார்கள். அது அப்படியே ஏதாவது ஒரு வண்டிக்கடைக்குச் சுண்டல் மடிக்கப் போய்விடும். கிழித்துப் போடுவது நம் பொறுப்பு.

போகிக்கு முந்தைய வாரத்தில் இங்கே போவதைத் தவிர்க்கலாம். வாசலில் கூட்டம் நெரிவதால் நிதானமாகத் தரம் பிரிக்க ஆளில்லாமல், எல்லாவற்றையும் கலப்புச் சரக்காக எடை போட்டுவிடுகிறார்கள். பித்தளைக் குழாயும் இரும்பு விலைக்குப் போகும். அண்ணாச்சி எடுக்காத மெத்தை, துணி, டயர் போன்றவற்றைப் போகியன்று தெருவில் கொளுத்தும் வழக்கம் குறைந்திருந்தாலும் முற்றிலும் நிற்கவில்லை. அந்தப் புகையும் பனியும் சேர்ந்து 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே தடைபட்டது. இவற்றைத் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்குமாறு மாநகராட்சி ஆண்டுதோறும் பண்டிகைக்கு முன் அறிவிக்கிறது. விவரத்துக்கு 1913 என்ற எண்ணை அழைக்கலாம்.

தாள், இரும்பு, பித்தளை, எவர்சில்வர், தடித்த பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை அடைத்திருக்கும். மூட்டைகள் அதிகமாக இருந்தால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். மூன்று சக்கர வண்டியோடு பையன் வீட்டுக்கே வருவார். மாடி ஏறி இறக்குவதற்குத் தனிக் கூலி கேட்பதில்லை. ஆனால் லிஃப்ட் இல்லாத கட்டடம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.