மண்டபத்துல பெரியம்மா போற இங்கிலீஷ் கிளாஸ், 5க்கு 4

போர்டு கூட இல்லாத கிளாஸ், அதனால பேரும் போடல. ராமேஸ்வரம் போற வழில இருக்குற மண்டபம் ஊர்ல, இலங்கை அகதிகள் முகாம் பக்கம் ஒரு டீச்சர் வீட்டு மாடில நடக்குது, மாசம் 500 ரூபா. நான் முகாம்லயே பொறந்தவன், எனக்கு ஸ்கூல்லயே இங்கிலீஷ் வந்துருச்சு, இது பெரியம்மா போற கிளாஸ்.

பெரியம்மா 2009ல இலங்கை வன்னில போர் முடியுற கடைசி வரைக்கும் இருந்தவங்க, 2022ல அங்க வெலவாசி ஏறி பால்மாவுக்குக் கூட க்யூ நின்ன நேரத்துல மன்னார்லருந்து படகு ஏறி தனுஷ்கோடி அரிச்சல்முனைல வந்து எறங்குனாங்க. மகன் கனடாவுல. பேத்தி வீடியோ கால்ல இங்கிலீஷ்தான் பேசும், "அது என்ன கதைக்குதெண்டே விளங்குதில்ல தம்பி"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க, அதுக்குத்தான் கிளாஸ்.

மொதல்ல டவுன்ல ஒரு எடத்துல மூணு மாச ஃபீஸ் மொத்தமா கட்டி சேத்தேன். வேஸ்ட். பாஸ்ட் டென்ஸ் நடத்துன அன்னிக்கு ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு சொந்த ஊரு, சின்ன வயசுல இருந்த வீடு பத்தி அஞ்சு வரி சொல்லணுமாம். வீடுன்னு கேட்டா இவங்களுக்கு எது ஞாபகம் வரும்? வாயே தொறக்கல. வயசாயிருச்சு, மண்டைல ஏறாதுன்னுட்டாரு சார். முந்தின நாள் பஸ்ல எங்கிட்ட வென்ட், கேம், சா எல்லாம் கரெக்டா ஒப்பிச்சவங்க.

இந்த டீச்சர் சொன்னது வேற. ராத்திரி தூக்கம் இல்லன்னா பகல்ல படிச்சது தங்காது, மூளை எந்நேரமும் என்ன சத்தம், எங்க ஓடணும்னு காவல் காத்துட்டே கெடந்தா புது வார்த்தைக்கு அதுல எடம் எங்கன்னாங்க. உச்சிப்புளி பருந்து கடற்படை தளத்து ஹெலிகாப்டர் தாழ்வா போகும், நமக்கு பழகிப்போன சத்தம், பெரியம்மாவுக்கு மட்டும் இன்னும் கிபிர்தான் (அங்க குண்டு போட்ட விமானத்துக்கு சனம் சொல்ற பேரு). சத்தம் கேட்டதும் டீச்சர் பாடத்த நிறுத்திருவாங்க, போனப்புறம் அதே வரிலருந்து திரும்ப ஆரம்பிப்பாங்க. பெரியம்மாவுக்கு கதவு பக்கத்துலயே சேர். யாரையும் திடீர்னு கை காட்டி எழுப்புறதில்ல, மொத மூணு வாரம் இவங்க பேசவே இல்ல, அப்படியே விட்டுட்டாங்க. சொந்தக்கதை கேக்குறதே கெடையாது, பூரா மீன் மார்க்கெட், பஸ், ஆஸ்பத்திரி. பெரியம்மா வாய விட்டு சொன்ன மொத முழு வரி "திஸ் ஃபிஷ் இஸ் நாட் ஃப்ரெஷ்", அதுவும் டீச்சர் வீட்டுல வாங்கி வச்சிருந்த காரலப் பாத்து.

டீச்சர் ஒண்ணும் டாக்டர் இல்ல, அத அவங்களே சொல்லி, தூக்கத்துக்கு ஜி.எச்.ல மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. ரெண்டும் சேந்துதான் வேலை செஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன்.

குறைன்னா, தர்ற ஜெராக்ஸ் மங்கல், கரண்ட் போனா வேர்வைதான், 6 பேரா இருந்த பேட்ச் இப்ப 14 ஆயிருச்சு, அது எனக்குப் புடிக்கல. மூணு மாசத்துல சரளமா பேசணும்னா இங்க வராதீங்க. பெரியம்மாவுக்கு எட்டு மாசம் ஆச்சு, இன்னும் பாஸ்ட் டென்ஸ் பக்கமே போகல, பேத்தி கிட்ட பேச அது தேவைப்படவும் இல்ல.

போன் அடிச்சா டீச்சர் எடுக்க மாட்டாங்க, சாயங்காலம் 4 மணிக்கு மேல நேர்ல போங்க. மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவங்க பாத்து.