லைட்: ஒரே ஒலி, இரண்டு வேர்கள்

ஆங்கிலத்தின் 'லைட்' என்னும் பெயரடை ஒரு சொல்லன்று. ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் முதலியவை சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் வெவ்வேறு வேர்களில் பிறந்து, ஒலியிலும் எழுத்திலும் ஒன்றாகிவிட்ட இரு சொற்கள். கனமற்றதைக் குறிப்பது லத்தீன் 'லெவிஸ்', சமஸ்கிருத 'லகு' ஆகியவற்றின் உறவு. வெளிச்சமானதைக் குறிப்பது லத்தீன் 'லூக்ஸ்' என்பதன் உறவு. ஜெர்மனில் 'லைஷ்ட்', 'லிஷ்ட்' என அவை இன்றும் பிரிந்தே நிற்கின்றன. ஆங்கிலத்தில் பின்னது வெளிச்சமான அறை, வெளிர் நிறம் என்ற அளவில் நின்றுவிட, முன்னது எளிதில் செரிக்கும் உணவு, சட்டெனக் கலையும் தூக்கம், மெல்லிய தூறல், குறைந்த தண்டனை என்று விரிந்திருப்பதால், பொருள்வளத்தில் அதையே முதலிடத்தில் வைப்பேன். தமிழிலும் இதே சந்திப்பு நேர்ந்திருப்பது வியப்பளிக்கிறது: எளிமையைக் குறிக்கும் 'இலகு' சமஸ்கிருத லகுவிலிருந்து வந்தது, ஒளிர்தலைக் குறிக்கும் 'இலகுதல்' நம் 'இலங்குதல்' என்பதன் உறவு.